பழைய வாடகை வீட்டில் சூடாகும் பிளக் பாயிண்ட்: ஒதுக்குவதா, நாமே மாற்றுவதா, வீட்டுக்காரரிடம் போவதா?

ஒரு வாரத் துணியை இஸ்திரி போட்டு முடித்துவிட்டு பிளக்கை உருவினேன், கையைச் சுட்டது. இஸ்திரிப் பெட்டி சுடலாம், அதன் பிளக் சுடக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மூன்று முள்ளில் இரண்டு பளபளவென்று இருக்கின்றன, ஒன்று மட்டும் கறுத்துப் போய், அதன் அடியில் பிளாஸ்டிக் இளகி மறுபடி உறைந்த மாதிரி ஒரு சுருக்கம். சுவரிலும் அதே துளையைச் சுற்றித் தேன் நிறத்தில் ஒரு வளையம். குடிவந்த அன்று அதை அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்ததும் அது போகவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சொந்த வீடாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம், முடிந்தது. வாடகை வீட்டில் சுவரும் வயரும் ஒருவருடையது, அதன் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர் வேறொருவர். அதனால் நம் முன்னால் ஆறு வழிகள் வந்து நிற்கின்றன: அந்தப் பாயிண்டை விட்டுவிட்டு வேறு இடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுப்பது, கடையில் சாக்கெட் வாங்கி நாமே மாட்டுவது, வீட்டுக்காரரிடம் சொல்வது, நம் செலவில் ஆள் வைத்துப் பார்ப்பது, மெயின் பாக்ஸில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் கருவி, போட வைப்பது, கடைசியாக வீட்டையே காலி செய்வது. இதில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. கோளாறு சாக்கெட்டின் வாயில் இருக்கிறதா, அதன் பின்னால் வயரில் இருக்கிறதா, எர்த்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து பதில் மாறும். பலர் இதைப் பார்க்காமலேயே யார் காசு கொடுப்பது என்ற பேச்சுக்குப் போய்விடுகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதலில் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் இதில்தான் நிற்கிறது. 230 வோல்ட் சப்ளையில் 2000 வாட் சாமான் ஒன்று ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே பிளக் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் பித்தளை நாக்கு தளர்ந்து, அந்தத் தொடுமிடத்தில் வெறும் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தை அதாலேயே பெருக்கி, தடையாலும் பெருக்கினால் 40 வாட். கேட்க அதிகம் இல்லை. ஆனால் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 முதல் 40 வாட்டுக்குள்தான் இருக்கும், அது ஈயத்தை உருக்குகிறது. அந்த அளவு சூட்டை, சுவருக்குள் ஒரு சின்னப் பெட்டியில், பிளாஸ்டிக்குக்கும் தூசிக்கும் நடுவில் வைத்திருக்கிறோம். சூட்டில் நாக்கு இன்னும் தளரும், பித்தளை கறுக்கும், கறுத்தால் தடை ஏறும், தடை ஏறினால் சூடு இன்னும் ஏறும். தானாகச் சரியாகிவிடும் கோளாறு இல்லை இது, நாளுக்கு நாள் முற்றுகிற கோளாறு.

இவ்வளவு நடந்தும் மெயின் பாக்ஸில் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச், ஏன் விழவில்லை? அதன் பார்வையில் எந்தத் தப்பும் நடக்கவில்லை. 16 ஆம்பியர் எம்சிபிக்கு 9 ஆம்பியர் சாதாரண ஓட்டம். லூஸ் கான்டாக்ட்டில் மின்னோட்டம் கூடுவதில்லை, பல நேரம் கொஞ்சம் குறையவே செய்யும். பழைய ஃபியூஸும் அப்படித்தான். ஆர்சிசிபி இருந்தாலும் இதற்கு விழாது, ஏனென்றால் கரண்ட் எங்கும் கசியவில்லை. "ஃபியூஸ் போகலையே, அப்புறம் என்ன பயம்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். மின்பொறியை உணர்ந்து நிறுத்தும் கருவிகள் இப்போது வருகின்றன, ஆனால் பழைய வாடகை வீட்டின் மெயின் பாக்ஸில் அதை எதிர்பார்க்க முடியாது.

சரி, கோளாறு எந்த இடத்தில் என்று சாக்கெட்டைத் திறக்காமலே ஓரளவு சொல்ல முடியும். பிளக்கைச் செருகினால் பிடிப்பு இல்லாமல் தொங்குகிறது, லேசாக ஆட்டினால் சாமான் நின்று நின்று ஓடுகிறது என்றால் பெரும்பாலும் வாய் தேய்ந்திருக்கிறது. பிளக்கைத் தொடாமலே அறையின் விளக்கு மினுக்குகிறது, சுவரில் காதை வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கிறது, மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வருகிறது என்றால் பின்னால் வயரை இறுக்கும் திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது வயரே வெந்திருக்கலாம். கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் இவற்றின் உலோக உடம்பைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் வருகிறது என்றால் எர்த் இல்லை, அல்லது சாமானிலேயே கசிவு இருக்கிறது.

இன்னொன்று, எனக்கு இது தெரியாமல் இருந்தது. எதுவுமே செருகாத சாக்கெட் வெதுவெதுப்பாக இருக்கலாம். பழைய வீடுகளில் ஒரு பாயிண்டிலிருந்து அடுத்த பாயிண்டுக்கு லூப் போட்டிருப்பார்கள், அடுத்த அறையில் ஓடும் ஹீட்டரின் கரண்ட் முழுவதும் இந்தச் சாக்கெட்டின் திருகு வழியாகத்தான் போகும். இந்தத் திருகு தளர்ந்திருந்தால், நாம் பயன்படுத்தாத பாயிண்ட் சூடாகும். இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் வழிக்கு வருவோம்.

முதல் வழி, அந்தப் பாயிண்டை ஒதுக்கிவிடுவது. இன்று ராத்திரிக்கு இதுதான் சரியான முடிவு, இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. கறுத்த, சூடான, வாடை வருகிற பாயிண்டில் இனி எதையும் செருகக் கூடாது, "ஃபோன் சார்ஜர்தானே" என்று கூட வேண்டாம். முடிந்தால் அந்த லைனுக்கான எம்சிபியையே இறக்கி வைத்துவிடுங்கள். பெரிய டேப்பை ஒட்டி, வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். விருந்தாளி ஒருவர் வந்து டேப்பைக் கிழித்துச் செருகுவார் என்ற எண்ணத்தோடு, "சூடாகிறது, செருகாதீர்கள்" என்று அதன் மேலேயே எழுதி வைத்தேன். ஆனால் இது ஒரு வாரத்துக்கான வழி, ஒரு வருடத்துக்கானது இல்லை. லூப் விஷயம்தான் காரணம். நாம் ஒதுக்கினாலும் வயர் ஒதுங்குவதில்லை.

ஒதுக்கியவுடன் கை தானாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போகும். எனக்கு இதில்தான் அதிகக் கவலை, ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் இதுதான் நடக்கிறது, தற்காலிகம் என்று போட்ட எக்ஸ்டென்ஷன் வீடு காலி செய்யும் வரை கிடக்கிறது. மெல்லிய வயர் கொண்ட பாக்ஸ்கள் பல 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் வருகின்றன, அது 6 ஆம்பியர் அளவுக்கானது. அதில் 9 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரைப் போட்டால் பழைய கோளாறைச் சுவரிலிருந்து தரைக்கு இறக்கிக் கொண்டுவந்து, மிதியடிக்குக் கீழே வைத்த மாதிரி. வயரைச் சுருளாகச் சுற்றி வைத்தே ஓட்டினால் சூடு வெளியேற இடம் இல்லாமல் உள்ளேயே ஏறும். சுருள் வகை எக்ஸ்டென்ஷன்களில் சுற்றிய நிலைக்கு ஓர் அளவு, முழுதாக விரித்த நிலைக்கு ஓர் அளவு என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பது அதனால்தான். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகுவது கூடவே கூடாது. அப்படியானால் எக்ஸ்டென்ஷன் எப்போது சரி? சார்ஜர், லேப்டாப், டேபிள் விளக்கு, இந்த அளவுக்கு, நல்ல பாயிண்ட் ஒன்றிலிருந்து, கண்ணில் படும் இடத்தில். சூடு தரும் சாமான் எதுவானாலும், அதாவது இஸ்திரி, ஹீட்டர், கெட்டில், அடுப்பு, நேரடியாக நல்ல சுவர்ப் பாயிண்டில் மட்டும். அப்படி ஒரு பாயிண்ட் வீட்டில் இல்லை என்றால், அந்தச் சாமானை நிறுத்தி வைப்பதுதான் மிச்சம் இருக்கும் வழி.

இரண்டாவது, நாமே மாற்றுவது. வீடியோ பார்த்தால் பத்து நிமிட வேலை: மெயினை அணை, நான்கு திருகு, மூன்று வயர், புது சாக்கெட், முடிந்தது. புது வீட்டில், கலர் வயர் ஒழுங்காக இருக்கும் இடத்தில், அது உண்மையிலேயே அவ்வளவுதான். நானும் கடைக்குப் போய் சாக்கெட் வாங்கி வந்து மேஜை மேல் வைத்திருந்தேன். அதை மாட்டாமல் விட்டது நல்லதாகப் போயிற்று, ஏன் என்று பின்னால் வந்த எலக்ட்ரீஷியன் காட்டினார்.

அவர் டெஸ்ட் லேம்ப்பை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, மெயினை அணைத்து, அப்புறம் இந்தப் பாயிண்டில் வைத்துப் பார்த்து, சாக்கெட்டை மெல்ல வெளியே இழுத்தார். வயர் இரண்டு விரற்கடைதான் வெளியே வந்தது. கரண்ட் வரும் ஃபேஸ் வயரின் திருகில் ஒரே துளைக்குள் மூன்று வயரை முறுக்கித் திணித்திருந்தார்கள். அதில் ஒன்றை லேசாக வளைத்தார், மேலே இருந்த உறை காய்ந்த சருகு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே செம்பு கறுப்பாக, நுனியில் நீலம் பாய்ந்து. "பாத்தீங்களா, இதைப் புதுசுல இறுக்குனா சாக்கெட்தான் புதுசா இருக்கும்" என்றார். வெந்த நுனியை வெட்டி நல்ல செம்பு வரும் வரை போனால் சாக்கெட்டுக்கு எட்டாது, எட்டவில்லை என்றால் இணைத்து நீட்ட வேண்டும், சுவருக்குள் எட்டாத இடத்தில் போட்ட இணைப்பு அடுத்த கோளாறு. நான் தனியாகத் திறந்திருந்தால் அந்த உதிர்ந்த உறையோடு, வயர்கள் ஒன்றை ஒன்று உரசும் நிலையில், எப்படியாவது உள்ளே திணித்து மூடியிருப்பேன்.

சிலர் வீட்டில் இது ரப்பர் உறை போட்ட மிகப் பழைய வயராக இருக்கும், சிலர் வீட்டில் அலுமினியமாக இருக்கும். 1960களின் பிற்பகுதி, 1970களின் தொடக்கத்தில் செம்பு விலை ஏறியபோது பல இடங்களில் வீட்டுக்குள் அலுமினிய வயர் போட்டார்கள். சூட்டில் அது செம்பைவிட அதிகம் விரிந்து சுருங்கும், மேலே படியும் ஆக்சைடு கரண்டைக் கடத்தாது, திருகு தளர்ந்துகொண்டே போகும். அதற்கென்று செய்யப்படாத சாக்கெட்டில் அதை மாட்டுவது சரியல்ல. வெள்ளி நிறத்தில் வயர் தெரிந்தால் எல்லாம் அலுமினியம் என்று அர்த்தம் இல்லை, ஈயம் பூசிய செம்பும் அப்படித்தான் இருக்கும். இதைப் பிரித்தறிய நமக்குத் தெரியுமா?

இன்னும் ஒரு விஷயம், உயிரோடு விளையாடுவது இதுதான். பழைய வயரிங்கில் சில இடங்களில் சுவிட்சை ஃபேஸில் போடாமல், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். சுவிட்சை அணைத்தால் சாமான் நிற்கும், ஆனால் சாக்கெட்டில் ஃபேஸ் அப்படியே இருக்கும். சுவிட்சை நம்பி ஸ்க்ரூடிரைவரை விட்டவருக்கு ஷாக் அடிக்கும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதையும் நம்ப முடியாது, ரப்பர் செருப்போடு நாற்காலி மேல் நின்றால் கரண்ட் இருந்தும் அது மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் தெரியாமலே போகும். மேலும் பல நாடுகளில் உரிமம் இல்லாதவர் நிலையான வயரிங்கில் கை வைக்கவே சட்டம் விடாது. வாடகைக்காரர் மாற்றிய சாக்கெட்டில் பிறகு தீப்பிடித்தால், அதுவரை வீட்டுக்காரரின் பொறுப்பாக இருந்தது நம் பொறுப்பாகிவிடலாம், காப்பீடும் கைவிரிக்கலாம். அதனால் என் தீர்ப்பு: வேலை தெரிந்தவராக இருந்தாலும் வாடகை வீட்டில், பழைய வயரில், நாமே மாற்றுவது வேண்டாம். கவர் உடைந்திருந்தால் டேப் ஒட்டுவது, உடைந்த பிளக்கை நம் சாமானில் மாற்றுவது, இந்த எல்லையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதையும் செய்துவிட வேண்டும், ஒரு முறை கறுத்த பிளக்கை நல்ல சாக்கெட்டில் செருகினால் அது அந்தச் சாக்கெட்டையும் கெடுக்கும்.

அடுத்து வீட்டுக்காரர். பெரும்பாலான இடங்களில் சுவருக்குள் இருக்கும் வயரிங் அவர் பொறுப்புதான். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை, ஆனால் கேட்கும் விதம் முக்கியம். படிக்கட்டில் பார்க்கும்போது "சார், அந்த பிளக் பாயிண்ட் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால், "பாக்கலாம்" என்ற பதில் வரும், அது எங்கும் பதிவாகாது. நான் படத்தோடு எழுதி அனுப்பினேன்: "வணக்கம் சார். படுக்கையறை ஜன்னல் பக்கத்துப் பிளக் பாயிண்ட் இஸ்திரி போட்டபோது கை வைக்க முடியாத அளவு சூடானது, ஒரு துளையைச் சுற்றிக் கறுத்திருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். இன்று முதல் அதைப் பயன்படுத்தவில்லை, அந்த லைனை அணைத்து வைத்திருக்கிறோம். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை இந்த வாரத்துக்குள் அனுப்ப முடியுமா? எர்த்தும் சோதிக்க வேண்டும்." இவ்வளவுதான். குற்றம் சாட்டவில்லை, என்ன கண்டோம், என்ன செய்தோம், என்ன வேண்டும், எப்போது வேண்டும். அவர் ஃபோனில் சொன்ன முதல் வார்த்தை, "முப்பது வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆனதில்லையே". அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷம் அந்தப் பாயிண்டில் ஒரு ரேடியோவும் டேபிள் ஃபேனும் ஓடியிருக்கும், அவை ஒரு ஆம்பியரைக்கூடத் தொடாது. வயர் அதேதான், நாம் அதில் செருகும் சாமான்தான் மாறியிருக்கிறது. இதை அமைதியாகச் சொன்னதும் அவருக்கும் புரிந்தது.

அவர் அனுப்பும் ஆளா, நாம் கூப்பிடும் ஆளா? இரண்டுக்கும் நல்லது கெட்டது உண்டு. அவர் அனுப்பும் ஆளுக்கு அந்த வீட்டின் லைன் எங்கே எப்படிப் போகிறது என்று தெரிந்திருக்கலாம், செலவு நம் தலையில் விழாது, பிறகு கோளாறு என்றால் அவரே வருவார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவர் வீட்டுக்காரர், அதனால் "இதை மட்டும் மாத்திட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தால் முகப்பு மட்டும் மாறும், பின்னால் வெந்த வயர் அப்படியே இருக்கும். நாம் கூப்பிடும் ஆள் நமக்காகப் பார்ப்பார், எல்லாப் பாயிண்டையும் சோதித்து எழுதித் தருவார். ஆனால் காசு நம்முடையது, வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் சுவரில் கை வைத்தால் சண்டை, வாடகையில் கழித்துக்கொள்வது சில இடங்களில் சட்டப்படி செல்லும், பல இடங்களில் செல்லாது, வாடகை பாக்கி என்று அதுவே நம்மீது புகாராகும். நடுவில் ஒரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது: பரிசோதனைக்கு மட்டும் நாம் ஆள் வைப்பது, வேலையை வீட்டுக்காரர் செலவில் செய்ய வைப்பது. பரிசோதனைச் செலவு கைக்கு அடக்கமாக இருக்கும், கையில் ஒரு எழுத்து அறிக்கை வந்துவிட்டால் "ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சுக்கு இடமே இருக்காது.

பரிசோதனை என்றால் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்து "கரண்ட் வருது" என்று சொல்வது இல்லை. மெக்கர் என்ற அளவுக் கருவியை வைத்து 500 வோல்ட்டில் வயரின் உறையைச் சோதிக்க வேண்டும், 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைன் தேறாது. எர்த் உண்மையிலேயே மண் வரை போகிறதா என்று அளக்க வேண்டும். மூன்று விளக்கு எரியும் சின்ன சாக்கெட் டெஸ்டர் நாமே வாங்கிச் செருகிப் பார்க்கலாம், ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருப்பது, எர்த் அறவே இல்லாதது, இவற்றை அது காட்டும். ஆனால் அதற்கும் ஒரு பெரிய குருட்டு இடம் உண்டு.

அது என்னவென்று சொல்லத்தான் எர்த்துக்குத் தனியாக வருகிறேன். பழைய வீட்டில் எர்த் வயரே ஓடாத இடத்தில் மூன்று துளை சாக்கெட் மாட்டியிருப்பார்கள். அவசரக்காரர் ஒருவர் வந்து, சாக்கெட்டின் பின்னால் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரைப் போட்டுவிட்டுப் போவார். டெஸ்டரில் எல்லா விளக்கும் சரியாக எரியும், கூச்சம் நின்றுவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். பின்னொரு நாள் அந்த லைனின் நியூட்ரல் எங்கோ ஒரு திருகில் கழன்றால், செருகியிருக்கும் வாஷிங் மெஷினின் உடம்பு முழுவதும் 230 வோல்ட். ஈரக் கையோடு துணி எடுக்கிறவருக்கு என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. எர்த் இல்லாமல் இருப்பதைவிட இந்தப் போலி எர்த் கொடியது, வேலை முடிந்ததும் "எர்த் வயர் எங்கேயிருந்து இழுத்தீங்க அண்ணே, கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்பது இதற்காகத்தான். உண்மையாக இழுத்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். தண்ணீர்க் குழாயில் கட்டினேன் என்று சொன்னாலும் ஏற்க வேண்டாம், நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் மாற்றியிருந்தால் எர்த் அங்கேயே அறுந்தது, அதற்கு மேல் உள்ள குழாயைத் தொடுகிறவருக்கும் ஆபத்து. மூன்றாவது முள்ளை உடைத்து இரண்டு துளையில் செருகுவதும் இதே வகைதான்.

எர்த் இழுக்க முடியாது, சுவரை உடைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார் என்றால்? அங்கேதான் ஆர்சிசிபி வருகிறது. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. 30 மில்லிஆம்பியர் குறைந்தால், அந்த மிச்சம் யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். கசிவு 150 மில்லிஆம்பியர் என்றால் 40 மில்லிவிநாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தர அளவு. 16 ஆம்பியர் எம்சிபியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லிஆம்பியர். மனித உடம்பில் 10 மில்லிஆம்பியர் சுற்றிலேயே கை தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும், அதைவிடச் சில மடங்கு ஏறினால் இதயத் துடிப்பே குலையும். எம்சிபிக்கு இதெல்லாம் கணக்கிலேயே வராத அளவு. பிடித்ததை விட முடியாமல் போகும் அந்த அளவை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சீல், 1961இல் அவர் வடிவமைத்த கருவியின் வழியில் வந்த வகைகள் 5 மில்லிஆம்பியர் அளவிலேயே துண்டிக்கின்றன.

வாடகைக்காரருக்கு இதில் பெரிய வசதி என்னவென்றால், வேலை செய்ய இதற்கு எர்த் தேவையில்லை. எர்த் இருந்தால் கசிவு தொடங்கியவுடனேயே, யாரும் தொடுவதற்கு முன்பே விழும். எர்த் இல்லையென்றால் யாராவது தொட்ட பிறகு விழும், அவருக்கு ஒரு அதிர்ச்சி இருக்கும், உயிர் பெரும்பாலும் தப்பும். இந்த வித்தியாசம் சின்னது இல்லை, ஆனாலும் ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு இது எவ்வளவோ மேல். மெயின் பாக்ஸில் போட்டால் வீடு முழுவதும் ஒரே நாளில் பாதுகாப்புக்குள் வரும், சுவரை உடைக்க வேண்டியதில்லை, வீட்டுக்காரரிடம் சம்மதம் வாங்குவதும் சுலபம். பழைய வீட்டில் போட்டவுடன் அடிக்கடி விழலாம். கருவி கெட்டது என்று அதைக் கழற்றச் சொல்லாதீர்கள், எங்கோ ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கிறது, அல்லது இரண்டு லைனின் நியூட்ரல் கலந்திருக்கிறது என்று அது சொல்கிறது.

மெயின் பாக்ஸில் போட வழி இல்லாதவருக்குப் பிளக்கில் செருகும் வகை ஒன்று உண்டு. நம் காசில் வாங்கலாம், வீடு மாறும்போது எடுத்துக்கொண்டு போகலாம். அதில் செருகிய சாமானை மட்டும்தான் அது காக்கும். முக்கியமாக, சூடாகும் பாயிண்டில் அதைச் செருகிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. ஷாக்குக்கு மருந்து அது, லூஸ் கான்டாக்ட் சூட்டுக்கு இல்லை. ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தாலும் அது காக்காது, அந்தக் கரண்ட் போனபடியே திரும்பி வருகிறதல்லவா. எந்த வகையானாலும் மேலே 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு முறை அழுத்தி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பல ஆண்டு தொடாமல் விட்டால் உள்ளே இறுகிப்போய் தேவைப்படும் நாளில் விழாமல் போவது நடக்கிற விஷயம்.

முழு வீட்டுக்கும் வயர் மாற்றுவதும் வீடு மாறுவதும்தான் மிச்சம். வயர் மாற்றுவது வாடகைக்காரர் தீர்மானிக்கக்கூடியது இல்லை, அறிக்கையில் உறை தேறாது என்று வந்தால் கேட்கலாம், சூடு தரும் சாமானுக்கு மட்டும் மெயினிலிருந்து நேராக ஒரு புது லைன் என்று குறைத்துக் கேட்டால் சம்மதம் கிடைப்பது சுலபம். வீடு மாறுவதைப் பற்றி: எழுதிக் கேட்டும் ஆள் வரவில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட பாயிண்ட் கறுத்திருக்கிறது, குளியலறைச் சுவரில் கூச்சம் வருகிறது என்றால் நான் தயங்க மாட்டேன். தீப்பொறியோ புகையோ கண்டால் இந்த ஒப்பீட்டுக்கே நேரம் இல்லை, மெயினை அணைத்து, வெளியே வந்து, தீயணைப்புக்குச் சொல்ல வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆக, வாய் மட்டும் தேய்ந்திருந்தால் வீட்டுக்காரர் ஆள் அனுப்பி சாக்கெட் மாற்றினால் போதும், பக்கத்தில் நின்று வயர் நுனியைப் பாருங்கள். வயர் வெந்திருந்தால் பரிசோதனை நம்முடையது, வேலை அவருடையது, அதுவரை லைன் அணைந்தே இருக்கட்டும். எர்த் இல்லையென்றால் இந்த வாரமே ஆர்சிசிபி, எர்த் பிறகு வரட்டும். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வீட்டுக்காரரிடம் மல்லுக்கட்ட முடியும் என்றால், நான் சாக்கெட்டை டேப் ஒட்டி மூடிவிட்டு ஆர்சிசிபியைக் கேட்பேன்.

எங்கள் வீட்டில் மெயின் பாக்ஸில் ஆர்சிசிபி போட்டாயிற்று. முதல் வாரம் இரண்டு முறை விழுந்தது, தேடிப் பார்த்ததில் மாடிப்படி விளக்கின் ஹோல்டரில் மழை நீர் இறங்கிக்கொண்டிருந்தது. படுக்கையறைக்குப் புது வயர் அடுத்த வாரம் இழுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், கறுத்த சாக்கெட்டைக் கழற்றி வயர் முனைகளை மூடி வைத்திருக்கிறது. இஸ்திரி இப்போது கூடத்தில், பிடிப்பு நன்றாக இருக்கும் பாயிண்டில், முடித்த பிறகு ஒவ்வொரு முறையும் பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறேன், குளிர்ந்தே இருக்கிறது.